முற்றத்தில் ஒரு வாயுபட்சணி

வாயுவை மாத்திரம் பட்சித்துத் தவமியற்றிய ரிஷிகளைப் பற்றிப் புராணங்களில் கேட்டிருக்கிறோமே தவிர, அத்தகையோரில் ஒருவரைப் பிடித்து வந்து அரண்மனை முற்றத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பாக்கியம் பண்டைய அரசர் எவருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. அந்தப் பாக்கியம், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டைத் தாண்டி, ஜவ்வாது மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் இயங்கும் எங்கள் சிறிய காரியாலயத்துக்கு வாய்த்தது.

முற்றம் வெறிச்சென்றிருப்பதாக மேலதிகாரி அபிப்பிராயப்பட்டதன் பேரில் பட்டணத்திலிருந்து வரவழைக்கப்பட்ட அலங்கார நிபுணர், தில்லாண்ட்சியா என்னும் காற்றுச்செடியைச் சிபாரிசு செய்தார். அன்னாசிக்குத் தாயாதி, ஜன்மபூமி அமெரிக்கக் கண்டம், வேர் என்று இருப்பது கிளையைப் பற்றிக்கொள்ள மட்டுமே, தீர்த்தமும் ஆகாரமும் இலைமேல் படர்ந்த வெண்செதில்களின் வழியாகவே. மண்ணும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம் என்று கேட்டவுடன் மேலதிகாரியின் வதனம் மலர்ந்தது. சம்பளம் கேளாத குமாஸ்தா கிடைத்தாலும் அது அவ்வளவு மலர்ந்திராது. தணிக்கைக்கு வந்தவர்தாம், செடி வாங்கிய ரசீது இருக்க, தொட்டிக்கும் எருவுக்கும் ரசீது எங்கே என்று அரைநாள் விசாரணை நடத்தினார்.

18ஆம் நூற்றாண்டில் இந்த இனத்துக்கு நாமகரணம் செய்த லின்னேயஸ், இது தண்ணீரை வெறுக்கும் தாவரம் என்று கருதி, கடற்பயணத்துக்கு அஞ்சியவராகச் சொல்லப்படும் தில்லாண்ட்ஸ் என்ற பண்டிதரின் பெயரைச் சூட்டினார். உண்மையில் மழையும் பனியும் இல்லாத இடத்தில் இதனை வாரம் ஒருமுறையாவது நீரில் அமிழ்த்தியெடுத்து, குருத்தில் நீர் தங்காதபடி கவிழ்த்து உலர்த்த வேண்டும். எங்கள் நிபுணரோ லின்னேயஸின் கட்சி. அதோடு நில்லாமல், பளபளப்பை உத்தேசித்து, செடிகளைத் தாமிரக் கம்பியால் கட்டினார். இக்குடும்பத்துக்குத் தாமிரம் விஷம். கோடை முடியுமுன் எங்கள் ரிஷிகள் ஒவ்வொருவராகச் சித்தியடைந்தார்கள்.

இத்தனையையும் மௌனமாகப் பார்த்திருந்த காவற்காரப் பெரியவர், மலைக்காரர், ஒருநாள் வாய் திறந்தார்: "ஏஞ் சார், காத்துல பொழைக்கிற செடிக்கா இவ்வளவு செலவு?" அவர் நின்ற மரத்தின் கிளையிலேயே வாண்டா என்னும் ஆர்க்கிட் தன் தடித்த வேர்களைத் தொங்கவிட்டு, அவற்றைப் போர்த்திய பஞ்சுபோன்ற உறையால் பனியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பள்ளிப் பாடநூல் இதைத் தொற்றுத்தாவரம் என்கிறது. மரத்தின் சாற்றில் கைவைக்கும் புல்லுருவியோடு இதைச் சேர்த்துப் பேசுவது, வாடகை ஒழுங்காகக் கொடுப்பவனைத் திருடன் என்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் பெரியவர் அதைப் பறிக்கவில்லை, பறிக்கவும் கூடாது. மறுநாள் ஓர் ஆகாசகருடன் கிழங்கைக் கொணர்ந்து, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, கயிற்றில் கட்டி, நிபுணர் அடித்துவிட்டுப்போன அதே ஆணியில் மாட்டினார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டு வாசல்களில் கண்ணேறு கழிக்கத் தொங்கும் சரக்குதான். மண்ணுமின்றி நீருமின்றி, தான் சேமித்துவைத்த சத்தையே செலவழித்து அது முளைவிட்டு, கயிற்றைப் பற்றிக்கொண்டு கொடியாக ஏறத் தொடங்கியது.

சென்னையிலிருந்து விருந்தினர் வந்தால் மேலதிகாரி இப்பொழுது முதலில் முற்றத்துக்குத்தான் அழைத்துச் செல்கிறார். "அமெரிக்க ஜாதி, மிகவும் அபூர்வம்" என்று அவர் விளக்க, பக்கத்தில் கைகட்டி நிற்கும் பெரியவர், "ஆமாங்க, வெள்ளிக்கிழமை சூடம் காட்டணும்" என்று விவரத்தைப் பூர்த்தி செய்கிறார்.