இருபது குடுக்குது!

மைலேஜ்காரரிடம் நீங்கள் எதையும் கேட்க வேண்டியதில்லை. "என்ன சார், சௌக்கியமா?" என்றால் போதும். "சௌக்கியம்தான். நேத்து சிதம்பரம் போயிட்டு வந்தேன். இருபது குடுத்துச்சு" என்பார். யார் கொடுத்தது, எதற்கு இருபது என்று வெளியூர்க்காரர் விழிப்பார். கடலூர்க்காரருக்கு விளக்கம் வேண்டாம். கொடுத்தது அவருடைய பழைய டஸ்டர். கொடுத்தது லிட்டருக்கு இருபது கிலோமீட்டர். பதிலுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு 'அடேயப்பா!'

மஞ்சக்குப்பத்தில் இவரைப் பார்க்கலாம், திருப்பாதிரிப்புலியூரில் பார்க்கலாம். நம்பர் பலகையில் டி.என். 31 என்பது டி.என். 91 ஆக மாறினால் அவர் சிதம்பரத்து மைலேஜ்காரர். மற்றபடி ஆள் ஒன்றுதான். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வண்டியின் வயது பத்தைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பேனா, டேஷ்போர்டுக்குள் நாற்பது பக்க நோட்டு.

வண்டி வாங்கிய கதையை அவர் புயலில் இருந்துதான் ஆரம்பிப்பார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. அன்றைக்கே, "இனிமே வாங்கினா ஒசரமான வண்டிதான்" என்று முடிவு கட்டிவிட்டாராம். அடுத்த ஜூலையில் ஒரகடத்தில் செய்த ரெனோ டஸ்டர் வந்தது. அதற்கடுத்த ஜூனில் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். டஸ்டர் வந்த சமயத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம். டீசல் வண்டி வாங்காதவன் முட்டாள் என்று ஊரே சொன்ன காலம் அது. 2014 அக்டோபரில் அரசாங்கம் டீசல் விலையைக் கைகழுவி விட்டது. வித்தியாசம் மெல்லக் கரைந்து இன்றைக்கு எட்டு ஒன்பது ரூபாயில் வந்து நிற்கிறது. வித்தியாசம்தான் கரைந்தது, இவருடைய வீம்பு கரையவில்லை.

அந்த இருபது எங்கிருந்து வந்தது? 85 குதிரைத்திறன் டஸ்டருக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 20.45. டீசல் ஈக்கோஸ்போர்ட்டுக்கு 22.7. பின்னத்தை விட்டுவிட்டு வெறும் இருபது என்று சொல்வது நம்மவரின் பெருந்தன்மை. இந்த எண்கள் எந்தச் சாலையிலும் கிடைத்தவை அல்ல. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக் கூடங்களில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, சக்கரங்களை நின்ற இடத்திலேயே ஓட விடுவார்கள். மொத்தம் சுமார் இருபது நிமிடம். பத்தரை கிலோமீட்டர் ஓட்டம். வேகம் எப்போதும் 90ஐத் தாண்டாது. ஏ.சி. கிடையாது. அந்த உருளைமேல் எருமை படுத்திருக்காது. பின்னால் தனியார் பஸ் ஹாரன் அடிக்காது. பின்சீட்டில் மாமியாரும் அவருடைய பலாப்பழமும் இருக்க மாட்டார்கள். அங்கே கிடைத்த இருபதைத்தான் இவர் இத்தனை வருடமாகத் தேவனாம்பட்டினம் பீச் ரோட்டில் கிடைத்ததாகச் சொல்லி வருகிறார்.

ஆனால் இருபது என்பது டீக்கடைக் கணக்கு மட்டுமே. ஆளுக்கு ஆள் அது மாறும். உறவுக்காரர்களோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது, "சித்தப்பா, டீசலைப் பங்கு போட்டுக்கலாமா?" என்று யாராவது கேட்டால், "பங்கெல்லாம் எதுக்குப்பா" என்று கொஞ்சம் இழுத்து, "பதினொண்ணுதான் குடுக்குது. ஏ.சி. போட்டா பத்து" என்பார். சர்வீசுக்கு விடும்போது, "பதிமூணைத் தாண்ட மாட்டேங்குது, என்னன்னு பாருங்க." மகன் சிநேகிதர்களோடு பிச்சாவரம் போக வண்டியைக் கேட்டால் எண்ணே கிடையாது: "அது டீசலைக் குடிக்குதுடா!" மைத்துனர் புது வண்டி வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் மட்டும் பழைய வண்டி இருபத்திரண்டு கொடுத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இருபதையும் இருபத்திரண்டையும் தள்ளிவிட்டால், மற்ற எதுவும் முழுப் பொய் இல்லை. அந்த எண்களை வண்டி ஏதாவது ஒரு நாள் கொடுத்துத்தான் இருக்கிறது. மைலேஜ் என்பது வண்டியோடு பிறந்த மச்சம் அல்ல. ரோடு, வேகம், பாரம், டயர்க் காற்று, ஓட்டுகிறவரின் வலது கால் எல்லாம் சேர்ந்து அன்றன்றைக்கு எழுதுகிற கணக்கு. கேட்கிறவரைப் பார்த்து எண்ணைப் பொறுக்கி எடுப்பதுதான் இவருடைய கைத்திறமை. பெரிய கம்பெனிகளுக்கும் இந்தத் திறமை உண்டு. 2012 நவம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் மைலேஜைக் கூட்டிப் போட்டிருந்ததை ஒப்புக்கொண்டு, வண்டி வாங்கியவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டி வந்தது. பேப்பரில் இதைப் படித்துவிட்டு நம்மவர் ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

அவருடைய உண்மையான திருத்தலம் முள்ளோடை. கடலூரில் இருந்து வடக்கே போனால் புதுச்சேரி எல்லை அங்கேதான் தொடங்குகிறது; வரி குறைவு என்பதால் டீசல் விலையும் குறைவு. விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். குளிரில் டீசல் கெட்டியாக இருக்குமாம், அதே லிட்டருக்குக் கூடுதல் சரக்கு கிடைக்குமாம். பங்க்கின் தொட்டியோ பூமிக்கு அடியில் கிடக்கிறது. அதற்கு விடிந்ததும் தெரியாது, உச்சி வெயிலும் தெரியாது.

"சைபர் பாத்துக்குங்க சார்" என்று பங்க் பையன் சொல்வதற்குள் இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தே முடித்திருப்பார். முத்திரை போட்ட ஐந்து லிட்டர் கேனில் அளந்து காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை என்பதும், அதில் 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம் என்பதும் அவருக்கு மனப்பாடம். "அந்த இருபத்தஞ்சு மில்லியில என் வண்டி அரை கிலோமீட்டர் போகும் தம்பி" என்பார். பையன் நிமிர்ந்து பார்க்காமல் கன்னைச் சொருகுவான்.

சற்று நேரத்தில் கன் 'டக்' என்று தானாக நிற்கும். மற்றவர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. இவருக்கு அப்போதுதான் ஆரம்பம். டீசல் நுரைக்கும் சரக்கு. நுரை எழும்பிக் கன்னின் மூக்கைத் தொட்டாலே டேங்க் நிறைந்ததாக எண்ணி அது நின்றுவிடும். நுரை அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு கூட வந்த மைத்துனரை வண்டியின் பின்மூலை ஒன்றில் நிறுத்தி, தான் மறுமூலையைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டு!" என்பார். டேங்கின் சந்துகளில் ஒளிந்திருக்கும் காற்றை விரட்ட இருவரும் வண்டியைக் குலுக்கு குலுக்கென்று குலுக்குவார்கள். பின்னால் நிற்கும் லாரி டிரைவர் கிளீனரிடம், "என்னடா, வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்பார். மறுபடி கன், மறுபடி நுரை, மறுபடி குலுக்கல். டீசல் டேங்கின் கழுத்தில் வந்து எட்டிப் பார்த்த பிறகுதான் மூடி. மீட்டர் ரீடிங், லிட்டர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும்.

முறையைக் குறை சொல்ல முடியாது. அதே பங்க், அதே கன், வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி வாய்வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பதுதான் நம்பகமான கணக்கு. ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாமல் பல டேங்குகளின் சராசரியைப் பார்ப்பது இன்னும் நல்லது. வண்டியே திரையில் காட்டும் மைலேஜ் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். நோட்டில் எழுதுவது டேங்க் கணக்கு, வாயில் சொல்வது திரைக் கணக்கு என்று இவர் வகுத்து வைத்திருக்கிறார். நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை.

முள்ளோடைப் பயணத்தின் லாபத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து லிட்டருக்கு 225 ரூபாய். போக வர இருபது கிலோமீட்டருக்கு எரியும் டீசல் நூற்றிருபது ரூபாய். மிச்சம் நூற்றைந்து. அதில் இருவருக்கு டிபன், காபி. மைத்துனர் டீசலுக்காகக் கூட வரவில்லை என்பதும், வந்த காரியத்துக்கான செலவு இந்தக் கணக்கில் சேராது என்பதும் ஊருக்கே தெரியும்.

இனி சிதம்பரம் பயணம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். முள் அறுபதில் நிற்கும்; ஆடாது, அசையாது. முதுநகர் தாண்டி, குடிகாடு பக்கம் சிப்காட் வரும்போதுதான் கொள்கைக்குச் சோதனை. ஏ.சி. போட்டால் டீசல் போகும். ஜன்னலைத் திறந்தால் ஆலை வாடை உள்ளே வரும். மனிதர் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். ஏ.சி.யும் கிடையாது, ஜன்னலும் திறக்கக் கூடாது. ஆலப்பாக்கம் வருவதற்குள் பின்சீட்டில் இருந்து அம்மாள் குரல் வரும்: "என்னங்க, நாங்க இட்லியா வெந்தாச்சு. சிதம்பரம் போனதும் கொத்சு மட்டும் ஊத்திடுங்க."

பாலத்தின் இறக்கம் வந்தால் நியூட்ரல் போட்டு வண்டியை உருள விடுவார். சொட்டு டீசல் செலவில்லாமல் போவதாக நினைப்பு. உண்மை நேர்மாறானது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் இந்தக் கால எஞ்சினுக்கு எரிபொருள் அடியோடு நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் வேண்டும். அவசரத்துக்கு வண்டியும் பிடியில் நிற்காது. இதை மெக்கானிக் ஒருமுறை விளக்கிச் சொன்னார். இவர் மெக்கானிக்கை மாற்றிவிட்டார்.

நான்குவழிச் சாலை வந்தது இவருக்குப் பிடிக்கவில்லை. பழைய ரோட்டில் நெல் காய்ந்தது, ஆடு குறுக்கே வந்தது, அறுபதைத் தாண்ட யாருக்கும் வழியில்லை. அதனாலேயே மைலேஜ் கிடைத்தது. புது ரோட்டில் மகன் நூறில் போகிறான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அறுபதில் இருந்து நூறுக்குப் போனால் தடை இரண்டே முக்கால் மடங்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகும் உயர வண்டிக்கு அது இன்னும் உறைக்கும். ரோடு நன்றாக நன்றாக மைலேஜ் குறைகிற அதிசயத்தை இவரால் ஜீரணிக்க முடியவில்லை. கொத்தட்டை சுங்கச்சாவடியில் வேறு பணம் கேட்கிறார்கள். அந்தக் காசையும் டீசலாக மாற்றி, அத்தனை லிட்டர் வீண் என்று சாவடி தாண்டியதும் அறிவிப்பார்.

சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளும் இவருடைய எண்ணைத் தின்றுவிடும். மார்கழி தரிசனக் கூட்டத்தில் கீழ வீதியில் நுழைந்து, வண்டி நிறுத்த இடம் தேடி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று இரண்டாம் கியரிலேயே பிரதட்சணம். திரையில் ஒன்பது என்று காட்டும். நோட்டைத் திறக்க மாட்டார். "அது சாமி கணக்கு, வண்டிக் கணக்குல சேராது."

அங்கே இவருக்கு ஒரு சம்பந்தி உண்டு. பெட்ரோல் ஈக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர். இருவரும் சந்தித்தால் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது கடைசியில்தான். சம்பந்தியின் இப்போதைய எதிரி இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அவர் பக்கம் நியாயம் உண்டு. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; பழைய வண்டிகளில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பன்னிரண்டு கொடுக்கும் வண்டியில் அது முக்கால் கிலோமீட்டர். சம்பந்தியோ குறைந்த நான்கு கிலோமீட்டரையும் எத்தனால் தலையிலேயே கட்டிவிட்டார். இரண்டு வருடமாக மாற்றாத ஏர் ஃபில்டரும், பாதிக் காற்றில் உருளும் டயர்களும் எத்தனாலின் நிழலில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒருநாள் நம்மவரும் வண்டியை விற்க வேண்டி வந்தது. பதினைந்து வருடம் நெருங்குகிறது, ஆர்.சி. புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். புவனகிரியில் இருந்து ஒருவர் பார்க்க வந்தார். டயரைத் தட்டினார், டிக்கியைத் திறந்தார், கேட்டார்:

"எவ்வளவு குடுக்குது சார்?"

"இருபது."

"சரி, பதினாலு. வெலையைச் சொல்லுங்க."

நம்மவருக்குக் கோபம் வரவில்லை. வாங்கும் இடத்தில் தான் நின்றிருந்தால் பதிமூன்று என்றுதான் சொல்லியிருப்பார். பேரம் படிந்தது. ஆர்.சி.யைக் கொடுத்தார், இன்ஷூரன்சைக் கொடுத்தார், இரண்டு சாவியையும் கொடுத்தார். நாற்பது பக்க நோட்டை மட்டும் உருவிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்துப் புவனகிரியில் இருந்து போன். "சார், வண்டி அருமை! சிதம்பரம் போயிட்டு வந்தேன். இருபத்தொண்ணு குடுக்குது!"

நம்மவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "யாருகிட்டய்யா கதை விடுற? இத்தனை வருஷம் ஓட்டின எனக்குத் தெரியாதா? அது ஒருநாளும் பதினஞ்சரையைத் தாண்டினதில்ல! நோட்டு இருக்கு, படிக்கட்டுமா? பதினாலு புள்ளி எட்டு… பதிமூணு புள்ளி ஒம்போது… பதினாலு புள்ளி ஒண்ணு…"

மறுமுனையில் அவர் பொறுமையாகக் கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

"அதான் சார் நானும் அன்னைக்கே பதினாலுன்னு சொன்னேன்."