நாலு கிலோபைட்டில் ஒரு நதி

கேள்வி: வீடியோ கேம் எழுதுவது ஆண்களின் வேலைதானே?

பதில்: இல்லை. பெண் கேம் வடிவமைப்பாளர் கரோல் ஷாவைக் கண்ட அட்டாரி வீடியோ கேம் நிறுவனத் தலைவர், இனி ஒப்பனை நிறப் பொருத்தம், வீட்டு அலங்காரம் பற்றி கேம் வரும் என்றாராம், ஷாவே சொன்ன தகவல். அதே ஷா 1982-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு எழுதித் தந்தது, ஆற்றின்மேல் போர்விமானம் சீறும் 'ரிவர் ரெய்ட்'. கேம் பதிந்த கார்ட்ரிட்ஜில் இருந்த இடம் 4 கிலோபைட். நீண்ட ஆறு முழுவதும் அதில் அடங்காது. அதனால் கரைகளையும் தீவுகளையும் ஆட்டம் ஓடும்போதே ஒரு கணக்குச் சூத்திரம் உருவாக்கியது, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில். அபாரமான மூளை!

அட்டாரி அப்போது கேம் எழுதியவரின் பெயரைப் போடாது. பெரிய அநியாயம் அது. அந்தக் குறையோடு வெளியேறியவர்கள் 1979-இல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். அங்கே ஷாவின் பெயர் கேம் பெட்டியிலேயே அச்சானது.