அப்பவே சொன்னேன்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் என்று ஓர் ஊர். 2020 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 76 ஆயிரத்துச் சொச்சம். ஊருக்குள் ஒரு பல்கலைக்கழகம், பல்கலைக்கழகத்துக்குள் ஒரு ஸ்டேடியம். அதில் 87 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஊரிலுள்ள கைக்குழந்தை முதல் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாத்தா வரை எல்லாரையும் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தாலும் பத்தாயிரம் இருக்கை மிச்சம் இருக்கும். சனிக்கிழமை மேட்ச் என்றால் அந்தப் பத்தாயிரமும் நிரம்பிவிடும். வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிற அந்தக் கூட்டத்தில்தான் நம்மவர் இருக்கிறார்.

நம்மவருக்குப் பெயர் வேண்டாம். ஒரே ஆளாக இருந்தால்தானே பெயர் வைக்க? கூரை போடும் காண்ட்ராக்டர், பல் டாக்டர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், ரிட்டயர் ஆன வாத்தியார் என்று எந்த ரூபத்திலும் வருவார். சட்டை மட்டும் ஆரஞ்சு அல்லது கருநீலம். பார்த்தவுடன் டீமின் கோஷமான 'வார் ஈகிள்' என்பார், கிளம்பும்போதும் 'வார் ஈகிள்' என்பார். அந்தக் கல்லூரியில் படித்தீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தேர் வடம் பிடிக்க வந்தவனிடம் ஆகமம் படித்தாயா என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

அவர் உயிரைக் கொடுக்கிற ஆட்டத்துக்குப் பெயர் ஃபுட்பால். ஃபுட் அதில் அதிகம் வராது. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், அவன்மேல் ஏழெட்டுப் பேர் விழுவார்கள். செப்டம்பரையொட்டி ஆரம்பித்து நவம்பரில் முடியும் பன்னிரண்டு ஆட்டம். மிச்ச ஒன்பது மாதத்துக்கு ஒரு மனுஷன் என்ன செய்வான்? கோச்சைப் பற்றிப் பேசுவான்.

ஆட்டக்காரன் நான்கைந்து வருஷத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். கோச்சுதான் நிலையானவர் என்பது ஏட்டில் உள்ள சாஸ்திரம். நடைமுறையில் கோச்சும் அவ்வளவுதான் தங்குகிறார். அவர் போகும் ஒவ்வொரு தடவையும் நம்மவர் வாழ்க்கையில் வசந்தம் வருகிறது. பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு, அடுப்பை மூட்டி, பன்றி விலாவை வாட்டியபடியே காகிதத் தட்டின் பின்பக்கத்தில் அடுத்த கோச்சுகளின் பட்டியலை எழுத ஆரம்பிப்பார். முதலாவதாக, ஏழு ஜென்மத்துக்கும் வரவே வராத ஒருவரின் பெயர். இரண்டாவதாக, அவரே வரமாட்டேன் என்று அறிக்கை விட்டவரின் பெயர். ("அதெல்லாம் சம்பளத்தை ஏத்தறதுக்குச் சொல்றது, மச்சான்!") மூன்றாவது இடத்தில் சாஸ், எண்ணெய்க் கறை. கடைசியில் வேலைக்கு வருகிறவர் பெரும்பாலும் அந்தக் கறையிலிருந்துதான் வருவார்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கைபேசியில் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல்கலைக்கழகப் பிரமுகர்கள் கோச் தேடிப் போகிற தனி விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு சின்ன ஜெட் ஓக்லஹோமாவில் இருபது நிமிஷம் நின்றது என்றால் விடிவதற்குள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களின் தரம் வரை விசாரித்திருப்பார். புது கோச்சின் பிள்ளைகள் படிக்கவேண்டுமே என்றில்லை. அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருந்தால் அந்தக் கோச்சின் மனைவி கிளம்ப ஒப்பமாட்டாளே என்ற கவலை.

இதைப் பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. 2003 நவம்பரில், டாமி டபர்வில் என்ற கோச் வேலையில் இருக்கும்போதே, பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் ரகசியமாக ஜெட் ஏறிப்போய், லூயிவில் டீமின் கோச் பாபி பெட்ரினோவிடம் பேசிவிட்டு வந்தார்கள். அதுவும் பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் வைத்துக்கொண்டு, அதற்குச் சில நாள் முன்னால். விஷயம் வெளியே வந்தது. டபர்வில் அலபாமாவை ஜெயித்தார். இரண்டு மாதத்தில் பதவி விலகியவர் தலைவர். அடுத்த வருஷம் டபர்வில் பதின்மூன்று ஆட்டம் ஆடிப் பதின்மூன்றையும் ஜெயித்தார். பெட்ரினோ வேண்டும் என்று 2003இல் தட்டில் எழுதியிருந்த நம்மவர் 2004இல் சொன்னது: "டபர்வில்லை மாத்தக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

அதே டபர்வில் 2008இல் அலபாமாவிடம் 36-0 என்று தோற்றார். அதற்கு முன் ஆறு வருஷம் தொடர்ந்து அதே அலபாமாவை அடித்தவர் என்பது செல்லுபடியாகவில்லை. அவர் ராஜினாமா செய்துவிட்டார் என்று அறிக்கை வந்தது. ராஜினாமா செய்தவருக்கு 51 லட்சம் டாலர் கொடுத்தார்கள். நானும் சில வேலைகளை ராஜினாமா செய்திருக்கிறேன், பஸ்சுக்குக்கூட யாரும் காசு கொடுத்ததில்லை. ஊரைவிட்டே போகச் சொன்ன டபர்வில்லை 2020இல் அலபாமா மாநிலமே ஓட்டுப் போட்டு அமெரிக்க செனட்டுக்கு அனுப்பியது. கோச்சாக ஒரு தோல்விக்கு மன்னிக்காதவர்கள் சட்டம் இயற்ற அனுப்பும்போது அவ்வளவாக ஆராயவில்லை.

இனி வருவதுதான் நம்மவரின் காவியம்.

டபர்வில்லின் இடத்துக்கு 2008 டிசம்பரில் ஜீன் சிசிக் என்பவரைப் போட்டார்கள். அப்போது அவர் அயோவா ஸ்டேட்டின் கோச். இரண்டு வருஷத்தில் ஜெயித்தது 5, தோற்றது 19. நம்மவருக்கு நெஞ்சு அடைத்தது. வாங்கிய கடனுக்கு வீட்டை ஜப்தி செய்ய வந்தவனிடம்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டார். ஆளைப் பேசி முடித்துவிட்டு விமானத்தில் வந்து இறங்கிய விளையாட்டுத் துறை இயக்குநரை ஒரு ரசிகர் விமான நிலையத்திலேயே வழிமறித்துக் கூச்சல் போட்டது படமாகி நாடு முழுக்க ஓடியது. படத்தில் இருந்தது ஒரே ஒரு குரல். "அது நான்தான்" என்று பின்னால் சொல்லிக்கொண்டவர்களை எண்ணினால் ஸ்டேடியம் நிரம்பும். அதற்கும் பின்னால் ஒரு காலம் வந்தது, அப்போது அந்தக் குரலுக்குச் சொந்தம் கொண்டாட ஒருவரும் இல்லை.

சிசிக்குக்குப் பதிலாகப் பலர் சொன்ன பெயர் டர்னர் கில். பஃபலோ பல்கலைக்கழகத்தைத் தூக்கி நிறுத்தி, அந்த வருஷம்தான் அதன் கூட்டமைப்பில் சாம்பியன் ஆக்கியிருந்தார். கறுப்பர். அவரை எடுக்காததற்கு நிறமே முதல் காரணம் என்று, ஆபர்னிலேயே படித்த கூடைப்பந்து நட்சத்திரம் சார்ல்ஸ் பார்க்லி வெளிப்படையாகச் சொன்னார். இந்த இடத்தில் நம்மவர் இறைச்சியைத் திருப்பிப்போடுவதில் மும்முரமாகிவிடுவார். கோச் விஷயத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத ஒரே அத்தியாயம் இதுதான்.

2010 வந்தது. சிசிக்கின் டீமில் கேம் நியூட்டன் என்று ஒரு பையன், ஆறரை அடிக்குப் பக்கத்தில். அலபாமாவோடு ஆட்டத்தில் ஆபர்ன் 24-0 என்று பின்தங்கி, 28-27 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தின் நடுவில் டிவியை அணைத்துவிட்டுப் புல் வெட்டப் போனவர்கள் யாரும் இல்லை என்பது இன்றைய நிலவரம். அன்றைக்கு எத்தனை புல் வெட்டும் மெஷின் ஓடியது என்று அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும். 2011 ஜனவரியில் ஆரிகனோடு இறுதி ஆட்டம். கடைசி நொடியில் பந்தைக் காலால் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி 22-19. பதினான்குக்குப் பதினான்கு. 1957க்குப் பிறகு ஆபர்னுக்கு வந்த தேசியப் பட்டம்.

"2004இல நம்ம டீம் ஜெயிச்சப்போ தடுப்பாட்டக் கோச்சு யாரு? சிசிக்! ஆள் யாருன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் நம்மவர். உண்மைதான், 2004இல் தடுப்பாட்டக் கோச் சிசிக்தான். இந்தத் தகவல் 2008 டிசம்பரிலும் உண்மையாகத்தான் இருந்தது.

டர்னர் கில் இதற்கிடையில் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டு வருஷம் இருந்தார். ஜெயித்தது 5, தோற்றது 19. நான் எண்ணை மாற்றி எழுதிவிடவில்லை. சிசிக் அயோவாவில் எடுத்த அதே கணக்கு, அச்சு அசல். இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு, 5-19 என்ற கணக்கிலிருந்து ஒரு கோச்சைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம் என்று நம்மவரிடம் கேட்டுப் பாருங்கள். அடுப்பில் கரி போதவில்லை என்று எழுந்துபோவார்.

2012இல் சிசிக்கின் டீம் 3 ஆட்டம் ஜெயித்து 9 தோற்றது. கடைசி ஆட்டம் அலபாமாவிடம் 49-0. மறுநாளே சிசிக்கை அனுப்பினார்கள். பட்டம் வாங்கி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. ஒப்பந்தத்தை நடுவில் முறித்ததற்குத் தரவேண்டிய பணத்தை அங்கே பைஅவுட் என்கிறார்கள், அது 75 லட்சம் டாலர். "5-19 ஆளை வெச்சா இப்படித்தான் ஆகும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் நம்மவர். இதுவும் உண்மை, அப்பவே சொன்னார்தான். எல்லாவற்றையும் அப்பவே சொல்லிவைப்பதில் உள்ள சௌகரியம் அது.

அவர் வீட்டிலேயே ஒரு துன்பம் உண்டு. மனைவியின் தம்பி அலபாமாக் கட்சி. அலபாமா 2007இல் நிக் சேபனைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தின மாதம் அவர்கள் கேட்டுப் பார்த்த ரிச் ராட்ரிகஸ் என்ற கோச் முடியாது என்றுவிட்டார். அப்போது மைத்துனரும் தட்டில் ஒப்பாரிதான் எழுதிக்கொண்டிருந்தார். வரமாட்டேன் என்று அடித்துச் சொல்லியிருந்த சேபன் பிறகு வந்தார். பதினேழு வருஷம் இருந்து, ஆறு தேசியப் பட்டம் வாங்கி, 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அந்தப் பதினேழு வருஷத்தில் ஆபர்ன் ஐந்து கோச்சுகளைப் பார்த்துவிட்டது. கிறிஸ்துமஸ் விருந்தில் மைத்துனர் வாயைத் திறக்கவேண்டியதில்லை. சிவப்புச் சட்டையில் வந்து உட்கார்ந்தாலே போதும். நம்மவர் கையில் பெரிய ஆயுதம் 2013: கஸ் மால்ஸான் கோச்சாக வந்த முதல் வருஷம், அலபாமா உதைத்துக் குறி தவறிய பந்தை ஆபர்ன் பையன் கிறிஸ் டேவிஸ் பிடித்து, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி, கடிகாரத்தில் நேரமே இல்லாத நேரத்தில் 34-28 என்று ஜெயித்தது. அதை அவர் கிறிஸ்துமஸ்தோறும் ஒருமுறை போட்டுக் காட்டுவார். மைத்துனர் அப்போது வாசலில் போய் சிகரெட் பிடிப்பார்.

விளையாட்டுதானே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. ஆபர்னில் டூமர்ஸ் கார்னர் என்ற முனையில் இரண்டு பழைய ஓக் மரங்கள் நின்றன. ஜெயித்த நாளில் ஊரே கூடிக் கழிப்பறைக் காகிதச் சுருள்களை அந்த மரங்கள்மேல் எறியும், அதுதான் அவர்கள் திருவிழா. 2010 ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் ஓர் அலபாமா ரசிகர் அவற்றின் வேரில் விஷம் ஊற்றினார். ஊற்றியதோடு நில்லாமல், பால் ஃபைன்பாமின் ரேடியோ நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டு, நான்தான் செய்தேன் என்று பெருமையாகச் சொன்னார். 2013இல் மரங்களை வெட்டி எடுத்தார்கள். நம்மவரும் அதே நிகழ்ச்சிக்கு ஃபோன் போடுகிறவர்தான், ஆனால் அவர் ஊற்றுவது வார்த்தை மட்டும். அந்த அளவில் அவரை நல்லவர் பட்டியலில் வைக்கிறேன்.

மால்ஸான் 2020 டிசம்பரில் போனார். எந்த வருஷமும் தோல்விக்கணக்கு வெற்றியைத் தாண்டவிட்டதில்லை, ஆனாலும் போனார். பைஅவுட் 2 கோடியே 14 லட்சம் டாலர், பாதி ஒரு மாதத்துக்குள். பாய்சி ஸ்டேட் டீமிலிருந்து பிரையன் ஹார்சின் வந்தார். இரண்டாவது வருஷம் அக்டோபர் 31, பேய் வேஷம் போடுகிற திருநாளில் அனுப்பப்பட்டார், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. பிறகு ஹ்யூ ஃப்ரீஸ், மூன்றாவது வருஷம், 2025 நவம்பரில், கென்டக்கியிடம் 10-3 என்று தோற்ற மறுநாள். அதுவும் ஒன்றரைக் கோடிக்கு மேல். டபர்வில்லிலிருந்து கூட்டினால் ஆட்டம் சொல்லித்தராமல் இருப்பதற்காக ஆபர்ன் ஒத்துக்கொண்ட தொகை 6 கோடி டாலரைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை நம்மவர் முன்னால் வைத்தால் கண் கலங்குவார். "எல்லாம் நம்ம காசு, தம்பி" என்பார். அடுத்த மூச்சில், "இருந்தாலும் ஃப்ரீஸை ஒரு வருஷம் முன்னாடியே அனுப்பியிருக்கணும்" என்பார். ஒரு வருஷம் முன்னால் அனுப்பியிருந்தால் தொகை இன்னும் கூடியிருக்கும்.

2025 நவம்பர் கடைசியில், சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து அலெக்ஸ் கோலெஷ் என்பவரைப் புது கோச்சாக அறிவித்தார்கள். அன்றைக்கு முழுக்கப் பிக்கப்பின் பின்னால் அடுப்பு எரிந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் அருமை என்றார், ஒருவர் அநியாயம் என்றார், ஒருவர் விமானத்தைத் தான்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னார். நம்மவரைக் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவரும் ஏதோ கற்றுக்கொண்டிருக்க வேண்டும். விலாவைத் திருப்பிப்போட்டார், சாஸ் தடவினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"பார்க்கலாம்" என்றார்.

ஜெயித்தாலும் தோற்றாலும், அதையும் அவர் அப்பவே சொன்னதாகத்தான் வரும்.