கடைசித் தோசையும் நடுவயதுத் தொப்பையும்: ஓர் ஆய்வுரை

நடுவயதில் தொப்பை எங்கிருந்து வருகிறது என்பதில் இரு கட்சிகள் உண்டு. "தண்ணி குடிச்சாலே எனக்கு வெயிட் போடுது" என்பது தைராய்டுக் கட்சியின் மூல சூத்திரம். அதன் வழக்கை ஒரு ரத்தப் பரிசோதனையில் முடித்துவிடலாம். நாற்பதைத் தாண்டினால் உடம்பு எரிப்பதையே நிறுத்திவிடும் என்பது வயசுக் கட்சி.

வயசுக் கட்சிக்கு 2021இல் பலத்த அடி. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரை வைத்து 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, உடலின் அளவையும் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயதுவரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறுவதில்லை என்றது. எனவே குற்றவாளியை வேறெங்கோ தேட வேண்டும்.

தேடல் சமையலறையில் முடிகிறது. ஹாட்பாக்ஸில் மிஞ்சிய ஒற்றைத் தோசை, பிள்ளை தட்டில் விட்ட பாதி இட்லி, "வீணாப் போயிடுமே" என்ற ஒரு சொல். இவற்றை உண்பது சாப்பாட்டுக் கணக்கில் சேராது. பாத்திரம் ஒழித்தல் என்ற வீட்டு வேலையில் சேரும். அந்த வேலை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. (ஐயாவின் மிக்சர், டிவி பார்த்த கணக்கில் போகிறது.)

ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 20 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு 7,700. தினம் ஒரு ஸ்பூன் கூடினால் வருடத்துக்கு ஒரு கிலோ, பத்து வருடத்தில் பத்து என்பது பழைய கணக்கு. உடம்பு அப்படி நடப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 2011இல் 'லான்செட்' இதழில் வேறு கணக்குப் போட்டது: தினமும் 24 கலோரி நிரந்தரமாகக் கூடினால் எடை ஒரு கிலோ ஏறும், பாதி முதல் வருடத்தில், மிச்சத்தில் பெரும்பகுதி மூன்று வருடத்துக்குள். பிறகு நின்றுவிடும், கனத்த உடம்பை நடத்தவே செலவு கூடிவிடுவதால்.

ஆகவே எடை ஏறிக்கொண்டே இருக்கப் புதுப்புதுச் சலுகைகள் வேண்டும். 38இல் காபிக்கு இரண்டாம் ஸ்பூன், 41இல் நாலு மணி மிக்சர், 44இல் லிஃப்ட், 46இல் கடைசித் தோசை. தொப்பை கீழடி மாதிரி, அடுக்கடுக்காகச் சேர்ந்தது. அங்கே பொக்லைன் விடுவதற்குப் பெயர்தான் டயட். முறையான அகழாய்வு மேலடுக்கில் தொடங்கும்: தோசையை ஊற்றும் முன்பே "யாருக்கு?" என்று கேட்பது. பதில் இல்லையென்றால் மாவு ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். அது பழகிய பிறகு மிக்சர் இருந்த இடத்தில் சுண்டல். அப்புறம் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து, அங்கே அவரைக்காய்ப் பொரியலும் முட்டையும். சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் நடத்திய ஆய்வின்படி இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்து. வயதோடு கரையும் தசைக்கோ வேண்டியது புரதம்.

அளக்கும் கருவி குறித்து ஓர் எச்சரிக்கை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் வைக்க வேண்டும்; தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பெல்ட் ஓட்டையைச் சான்றாக ஏற்பதற்கில்லை. இருபது வருடமாக 34 அளவு பேண்ட்தான் போடுகிறேன் என்று சாதிக்கும் பெரியவர்களின் பேண்ட், அந்த இருபது வருடத்தில் தொப்புளிலிருந்து நாலு விரல் தெற்கே இறங்கியிருக்கிறது.