தாய்மாமன் கோபம்: நெய்வேலி நிலத்தடி நீரியல் வழியாக ஓர் ஆய்வு

பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களின் கல்யாணத்தைப் பற்றி எழுதியவர்கள் பரிசம், முகூர்த்தக்கால், நலங்கு, தாலி, மொய் என்று ஒன்றுவிடாமல் எழுதினார்கள். தவறாமல் நடந்த ஒரு சடங்கை மட்டும் 'தகராறு' என்று ஒதுக்கிவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமனோ மாப்பிள்ளையின் பெரியப்பாவோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலைவிட்டு எழுந்து போவதைத்தான் சொல்கிறேன். இது தகராறு அன்று, சடங்கே என்பது இக்கட்டுரையின் துணிபு. சடங்கென்றால் முறை இருக்க வேண்டும், இருக்கிறது. காரணம் சிறியதாக இருக்க வேண்டும்: தன்னைக் கேட்காமல் தாம்பூலத் தட்டை மாற்றியது, பத்திரிகையில் பெயர் ஒரு வரி கீழே இறங்கியது, இலையில் உடைந்த அப்பளம் விழுந்தது. (வரப்புத் தகராறை யாரும் பந்தலுக்குக் கொண்டுவருவதில்லை, அதற்குக் கோர்ட்டு இருக்கிறது.) போகும் தூரமும் வரையறைக்குட்பட்டது. கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். தெருமுனைப் புளியமரமோ முந்திரித் தோப்பின் ஓரமோ உத்தமம். தூது போகிறவர் பங்காளியாக இருத்தல் ஆகாது, மச்சான் முறைக்காரராக இருக்க வேண்டும். "வாங்க மாமா, நீங்க இல்லாம எப்படி?" என்பதை மூன்று முறை சொல்ல வேண்டும், முதல் இரண்டுக்கு எழுந்தவர் எவருமிலர்.

உண்மையான கோபத்தைச் சடங்கென்று சொல்லலாமா என்று கேட்பார்கள். உண்மையாகவே ஊருக்குக் கிளம்புகிறவர் குடையையும் மஞ்சப்பையையும் பந்தலிலேயே விட்டுவிட்டா போவார்? கொண்டுவந்த சீர்த்தட்டு சபையில் இருந்த இடத்திலேயே இருக்கும். தாலி கட்டும் நேரத்துக்குக் கால் நாழிகை முன்பாவது அவர் திரும்பியிருப்பார். கோபத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியுமானால் அது வெறும் கோபமாக இருக்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு இலக்கியத்திலிருந்து வருகிறது. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் கல்யாணத்தை விரிவாகக் காட்டுகின்றன. முன்னதில் உளுந்துக் களி, பந்தல், புதுமணல், விளக்கு, மணமகளை நீராட்டும் நான்கு மகளிர் எல்லாம் உண்டு. கோபித்த மாமன் இல்லையே என்பர். பாடலை மட்டும் படித்துத் துறைக்குறிப்பை விட்டவர்கள் செய்யும் வாதம் இது. 136ஆம் பாடல், மனைவியின் ஊடல் தணியாதபோது தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்வது. 86, வாயில் மறுத்த, அதாவது தலைவனை உள்ளே விட மறுத்த, தோழிக்குச் சொல்வது. அதாவது, தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய கல்யாண வருணனைகள் இரண்டும், யாரோ ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தான் பாடப்பட்டிருக்கின்றன. தொல்காப்பியர் ஊடலை மருதத்துக்கு வைத்தார். வள்ளுவர் 133ஆம் அதிகாரமான ஊடலுவகையில் நூலை முடித்தார். மாமனுக்குத் தனி அதிகாரம் ஒதுக்காதது இடநெருக்கடியால் இருக்கலாம்.

இந்தச் சடங்கு எதற்கு என்ற கேள்விக்கு விடை அதே தென்னார்க்காட்டின் நெய்வேலி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 1930களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு எடுத்தபோது தண்ணீரோடு கரிய பொருளும் வந்தது; அது பழுப்பு நிலக்கரி. 1956இல் அதை வெட்டியெடுக்கும் நிறுவனம் அமைந்து, 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தும், நிலக்கரியைத் தொட 1961 ஆகஸ்டு வரை ஆனது. மேல்மண் ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, நிலக்கரிக்குக் கீழே பேரழுத்தத்தில் நிற்கும் ஊற்றுநீர். அதை இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு மேலே வரும். ஒரு குடும்பத்தின் அடியிலும் இப்படித்தான்: போன கல்யாணத்தில் சொல்லாமல் விட்டது, திருப்பிச் செய்யாத மொய், கடனாய் வாங்கித் திரும்பாத அண்டா. இவையெல்லாம் அப்பளத்தின் வழியாக இறைக்கப்படுகின்றன. இறைத்துவிட்டால் சம்பந்தம் தாங்கும். பெண்கள் ஏன் எழுந்து போவதில்லை என்று கேட்கலாம். நெய்வேலியில் நீர்த்தாங்கி ஒன்றல்ல. நிலக்கரிக்கு மேலேயும் நீர் உண்டு, கீழேயும் உண்டு. ஆண்கள் கோபம் மேல்நீர், பந்தலில் தெரியும். அத்தைகளின் கோபம் அடிநீர். அடுப்படியில் இருபது வருஷம் சத்தமில்லாமல் நிற்கும். சுரங்கத்து அடிநீருக்குப் பம்பு உண்டு, அடுப்படிக்கேற்ற பம்பு இன்னும் வரவில்லை.

சுரங்கத்தோடு நெய்வேலி நகரியம் வந்ததும் சடங்கு சுருங்கியது. நகரியத்தின் குடியிருப்பு வட்டங்களில் மரத்துக்குக் குறைவில்லை, நேரத்துக்குத்தான் குறை. இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேண்டிய மாமன் மூன்றாவது அழைப்புக்குக் காத்திருக்க முடியாமல் முதல் அழைப்பிலேயே எழுந்தார். அதுகூடப் பரவாயில்லை. மண்டபக் கல்யாணத்தில் வெளியே வந்தால் உட்கார இடமில்லை, இருப்பது வண்டி நிறுத்துமிடம் மட்டுமே. கோபித்தவர் கை தானாகப் பைக் சாவிக்குப் போகிறது. உதைத்தால் பத்து நிமிஷத்தில் மந்தாரக்குப்பம். கூப்பிடு தூரம் என்ற விதி அங்கே முறிகிறது, கோபம் உண்மையாகிவிடுகிறது. ஆகவே மண்டபம் கட்டுவோருக்கு ஒரு விண்ணப்பம்: வாசலுக்கு வெளியே, நாதஸ்வரம் கேட்கும் தூரத்தில், ஒரு மரமும் அதன் கீழ் இருவர் உட்காரும் திண்ணையும் வையுங்கள். ஒருவருக்கு மட்டும் கட்டிவிடாதீர்கள். சமாதானம் பேச வருகிறவரும் உட்கார வேண்டும்.