பரலோகம் உள்குத்தகைக்கு

பட்டாசுத் தொழிலில் ஓர் ஏற்பாடு உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். நாக்பூர் லைசென்ஸோ டி.ஆர்.ஓ. லைசென்ஸோ, சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பார்கள். ஆலையை நடத்துவது வேறொருவர். இத்தனை அறை உனக்கு, இத்தனை அறை எனக்கு என்று உள்குத்தகைக்கு எடுத்தவர். போட்ட பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டுமே! நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் எட்டுப் பேர், வெளியே வேப்பமரத்து நிழலில் இன்னும் பத்துப் பேர். வெடித்துவிட்டால் உரிமக்காரருக்கு ஒன்றும் தெரியாது, குத்தகைக்காரர் ஊரிலேயே இல்லை. போர்மேன்தான் முதலில் கைதாவார்.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்க நான் வரவில்லை. இதே ஏற்பாட்டை ஒரு விபத்தும் இல்லாமல் தேவாலயத்துக்குள் கொண்டுவந்த எங்கள் ஆட்களின் சாமர்த்தியத்தைப் பாராட்ட வந்தேன். உரிமம் இன்னமும் இயேசு கிறிஸ்து பெயரில்தான் இருக்கிறது. பீடத்துக்கு மேலே மாட்டியும் இருக்கிறது. நடத்துகிறவர்கள்தான் வேறு.

திருத்தங்கலில் ஒரு சபை என்று வைத்துக்கொள்வோம். குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் நின்றபடியே ஊரைப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே ஒரு மணிக்கூண்டு, ஒரு ஆலயம், ஒரு கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு மூத்த விசுவாசி. பெயர் வேண்டாம். படிக்கிறவர்களுக்குத் தானாக ஒரு பெயர் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஐயா ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதே கிடையாது. முதல் பாடம் அவர்தான் வாசிப்பார். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கச் சொல்லும் பகுதி வந்தால் குரல் தழுதழுக்கும். தீபாவளி நெருங்கும் மாதங்களில், அவர் குரல் தழுதழுக்கும் அதே நேரத்தில், அவருடைய ஆலையில் ஞாயிற்றுக்கிழமை வேலை ஓடிக்கொண்டிருக்கும். அதே சபைப் பெண்கள் நாலு பேர் அங்கே திரி வைத்துக்கொண்டிருப்பார்கள். மறுவாரம், போதகர் ஐயரின் மனைவி ஐயரம்மா அவர்களைப் பிடித்துக்கொள்வார்: “என்னம்மா, போன வாரம் கோயில் பக்கமே காணோம்? பின்மாற்றமா?”

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஐயாவைப் பார்க்க வேண்டும். ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுப்பார். எடுத்த காயைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்து, மறுபடியும் எடுப்பார். சபையே கைதட்டும். மறுநாள் காலை, சரவெடி பின்னுகிற பெண் குரோஸுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டால், “மார்க்கெட் நிலவரம் தெரியாமப் பேசாத தாயி” என்பார். பூசணிக்காய்க்கு மட்டும் மார்க்கெட் நிலவரம் கிடையாது.

இதைப் பொய் விசுவாசம் என்று சொல்லலாமா? சபையின் ரிஜிஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. ஐயாவுக்குச் சந்தா பாக்கி இல்லை, வருகையில் குறை இல்லை, சேகரக் கமிட்டியில் இடம் உண்டு. பாக்கி இருப்பது திரி வைக்கும் பெண்ணுக்கு. அவளுடைய தகப்பன் செத்தால், பாக்கியைக் கட்டி ரசீதைக் காட்டிய பிறகுதான் கல்லறைக் குழிக்கு இடம் அளப்பார்கள். நித்திய ஜீவனை இலவசமாகக் கொடுத்த ஆண்டவர், ஆறடி நிலத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

இந்தக் கரிசல் மண்ணில் விசுவாசம் வேறு மாதிரியும் நடமாடியதுண்டு. தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெலோ. சர்ச் மிஷனரி சொசைட்டிக்குச் சென்னையில் செயலராக இருந்தவர். அந்த நாற்காலியை விட்டு 1854-ல் வட திருநெல்வேலிப் பக்கம் வந்தார். சிவகாசி அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை. கூடாரத்தைக் கட்டி, அவிழ்த்து, தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலேயே நுரையீரல் ரத்தம் கக்கிச் செத்தார். வயது 43.

செயலர் பதவியை உதறிவிட்டுக் கூடாரத்துக்குப் போனவர் அவர். இன்றைக்குச் செயலர் பதவிக்காக நடக்கிற கூத்து திருமண்டலத் தேர்தல். இப்போதும் கூடாரம் உண்டு. எதிரணி கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று ஓட்டுள்ள சகோதரர்களைப் பஸ்ஸில் ஏற்றி அடைத்துவைக்கிற மலைவாசஸ்தல விடுதிக்கு அந்தப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஜெபத்தோடு தொடங்கி, கவரோடு முடியும். ஜெயித்தவர் கையில் பள்ளி, கல்லூரித் தாளாளர் பதவிகள். ஆசிரியர் வேலை என்ன விலைக்குப் போகிறது என்பதைச் சபையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஞானஸ்நான வகுப்பில் மட்டும் அது பாடமில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் செய்தித்தாளைப் புரட்டட்டும். 1947 செப்டம்பர் 27 அன்று, பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. உலகமே வியந்த ஒற்றுமை. 2024-ல் அதே திருச்சபையின் தலைமை நிர்வாகத்தை நடத்த, ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர்நீதிமன்றம் நியமிக்க வேண்டியிருந்தது. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அதற்கு முன்பே, 2023 ஜூன் மாதம் பாளையங்கோட்டையில், திருநெல்வேலி திருமண்டல அலுவலக வளாகத்திலேயே ஒரு போதகர் அடிபட்டார். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவானது. மதுரை தல்லாகுளத்தில், பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க என்று 1912-ல் அமெரிக்க மிஷனுக்கு அரசு கொடுத்த 31 ஏக்கர் நிலம் கைமாறிய விவகாரமும் உயர்நீதிமன்றப் படியேறியது. மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரின் சபை, அப்பீல் மனுவைக் காட்டுகிறது.

இவையெல்லாம் பணத்தாசை, மன்னித்துவிடலாம் என்பீர்கள். சாதியை என்ன செய்வது? வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்கள் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து போகும் இரண்டு கூடம். கால்சட்டை தைக்கிற தையல்காரர் போட்ட பிளான் மாதிரி இருக்கும். வேளாளருக்கு ஒரு கால், மற்றவர்களுக்கு ஒரு கால், நடுவில் சுவர். 1910-ல் காசானல் சாமியார் சுவரை இடித்தார். இடித்தது பாவம் என்று விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். நூறு வருஷம் கழித்தாவது புத்தி வந்ததா? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். மோதல் மூண்டு, போலீஸ் சுட்டு, இரண்டு உயிர் போனது. அது பெரிய வெள்ளிக்கு முன் வரும் தவக்காலம். மாட்டிறைச்சியையும் கோழியையும் தவிர்த்தவர்களால் சாதியைத் தவிர்க்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், சபையில் யாருடைய விசுவாசத்தைச் சந்தேகப்படுகிறோம்? ஏழையுடையதை. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வாரிசுகளுக்கு “அரிசிக் கிறிஸ்தவர்” என்று பட்டம். பசித்த வயிற்றோடு வந்தவன் போலி. இன்ஜினியரிங் சீட்டுக்கும் தாளாளர் நாற்காலிக்கும் வந்தவன் தூண்! அந்த அரிசியின் மறுபக்கக் கணக்கை யாரும் சொல்வதில்லை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைத்தவர்கள் அந்தக் குடும்பத்துப் பெண்கள்தான். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, வெள்ளைக்காரன் காசை எதிர்பாராமல் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியது இந்தச் சீமைக் கிறிஸ்தவர்கள். வாங்கிய அரிசியைப் போல எத்தனையோ மடங்கு திருப்பிக் கொடுத்தாயிற்று. ஐயாவின் கணக்குதான் இன்னும் நேராகவில்லை.

அந்தக் கணக்கை, ஆலை வெடிக்கும் நாளில் பார்க்க வேண்டும். மேடையில் போதகர் கண்ணீரோடு, “தேவ சித்தம், கர்த்தர் அழைத்துக்கொண்டார்” என்கிறார். எனக்கு ஒரு சந்தேகம். நான்கு பேர் அறையில் எட்டுப் பேரை உட்காரவைத்தது தேவ சித்தமா, முதலாளி சித்தமா? வெயிலில் காய வைத்த மருந்தை அவசரமாக அள்ளச் சொன்னது பரிசுத்த ஆவியா, மும்பை ஆர்டரா? தன் பேராசையைக் கடவுள் தலையில் கட்டுகிறவனைவிட, கடவுளே இல்லை என்கிறவன் ஆயிரம் மடங்கு பக்திமான். அவன் கடவுள் மேல் கொலைப்பழியாவது போடுவதில்லை.

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை. முதல் வெடிச் சத்தம் கேட்டதும் பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் ஓடினார்கள். சிக்கியவர்களைத் தூக்க ஓடியவர்கள் அடுத்த வெடிப்பில் மாட்டினார்கள். அன்று செத்தவர்கள் நாற்பது பேர் வரை. அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. உள்ளே கிடப்பவன் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவனா, மாதா கோயிலுக்குப் போகிறவனா என்று அவர்கள் விசாரித்துக்கொண்டு ஓடவில்லை. நல்ல சமாரியன் கதையை வருஷத்துக்கு ஒருமுறை பிரசங்கம் பண்ணுகிறோம். அந்தக் கதையில் காயப்பட்டவனைக் கண்டும் விலகிப் போனவர்கள் யார்? ஆசாரியனும் லேவியனும், நம்முடைய பாஷையில், ஐயரும் கமிட்டி மெம்பரும்.

“இதையெல்லாம் வெளியில் எழுதலாமா, தேவ நாமம் தூஷிக்கப்படுமே” என்று சிலர் உருகுவார்கள். டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிச் சீமையில் கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பியபோது, இவ்வளவு இருட்டாக எழுதாதே, நம்பிக்கையூட்டும்படி மாற்று என்று இங்கிலாந்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அந்தம்மா மாற்றவில்லை, 1903-ல் புத்தகம் அப்படியே வந்தது. தேவ நாமத்தைத் தூஷிப்பது எழுதுகிறவன் பேனா இல்லை. விபத்தில் கணவனை இழந்த பெண் நஷ்டஈட்டுக்கு நாலு வருஷமாக நடக்கிறாளே, அந்த நடை தூஷிக்கிறது. அவளை அலையவிட்டவன் திருவிருந்துக்கு முதல் வரிசையில் முழங்கால் போடுகிறானே, அந்த முழங்கால் தூஷிக்கிறது.

மெய் விசுவாசம் எது, போலி எது என்று அறிய வேத பண்டிதர் தேவையில்லை. ஆண்டு அறிக்கை வாசிக்கும்போது வரவுசெலவோடு இரண்டு பக்கம் கூடுதலாக வாசித்தால் போதும். சேகரக் கமிட்டி உறுப்பினர்களில் யார் யாருடைய ஆலை உள்குத்தகையில் ஓடுகிறது? யாருடைய ஆட்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை? யார் நஷ்டஈடு பாக்கி? சந்தா பாக்கிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமா?

அதன் பிறகு ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, காணிக்கைப் பை முன்வரிசை ஐயாவிடம் வரும்போது நிற்காமல் தாண்டிப் போகட்டும். “முதலில் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்” என்று சேகரகுரு மேடையிலிருந்தே சொல்லட்டும். சொன்னால், திருத்தங்கலில் எழுப்புதல் வந்துவிட்டது என்று என் சொந்தச் செலவில் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறேன். சிவகாசியில் அச்சடிக்கச் சல்லிசுதான்; அப்படிச் சொல்கிற ஐயர்தான் கிடைக்க மாட்டேன் என்கிறார்.