தட்டுப்பாடு தீர்க்கும் வழிகள்

செவிலியர் தட்டுப்பாட்டைப் போக்க நம் அரசுகளிடம் வழிகளுக்குத் தட்டுப்பாடே இல்லை.

முதல் வழி பாராட்டு. 2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்தது. கொரோனாவும் அதே ஆண்டில் வந்து ஒத்துழைத்தது. மார்ச் 22 அன்று கைதட்டினோம். மே 3 அன்று ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூத் தூவின. பூவுக்கு வானமே இறங்கி வந்தது. சம்பளக் கோப்புதான் மேசையை விட்டு எழவில்லை.

இரண்டாவது வழி தொகுப்பூதியம். 2015-ல் தமிழகத்தில் போட்டித் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்; இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று வாக்கு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து, இரண்டு ஆண்டு முடிந்துவிட்டதை நினைவூட்டினார்கள். காலியிடம் வரும்போதுதான் நிரந்தரமாம்! வார்டில் ஆள் இல்லை. ஏட்டில் இடம் இல்லை.

மூன்றாவது வழி நன்றி நவிலல். கொரோனாவுக்கென ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களை, 2022 டிசம்பர் 31-ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தாண்டுக்கு விடுப்பு கிடைக்காதவர்களுக்கு மொத்தமாகவே கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகு ஒரு செவிலியர் ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்தால், ‘சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது’ என்று வருந்துகிறோம். வருத்தம் எதற்கு? தட்டுப்பாடு தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது, பெர்லினில்.